முப்பத்தொரு அட்டைகள்

ரேஸ் கோர்ஸ் சாலை, சிங்கப்பூர்
14 ஜனவரி 1962

அன்புள்ள அண்ணனுக்குச் சிவகாமி எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் இருமல் மழையோடு போய்விட்டது. மான்செஸ்டர் குளிரில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் என்னைக் கேட்கிறாள், எனக்கு மட்டும் தனியாகத் தந்தி வருவதைப் போல.

நீங்கள் கேட்டதைத் துறைத் தலைவர் டாக்டர் டானிடம் சொன்னேன். நீங்களும் இப்ராஹீமும் 1958இல் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய 1,140 குடும்ப அட்டைகளையும் உங்கள் ஆராய்ச்சிக்காக நகல் எடுத்து அனுப்பச் சம்மதித்துவிட்டார். ஆனால் எண்கள் மட்டும்தான். பெயரும் வீட்டு எண்ணும் உள்ள பதிவேடு பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போகாது என்று சொல்லிவிட்டார். அதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது.

நீங்கள் போன பிறகு இந்த அட்டைகள் ஒழுகும் பின்னறையில் சாக்குப் பையில் கிடந்தன. அவற்றை என் பொறுப்பில் விட்டபோது முதலில் வெயிலில் காயவைத்தேன். இப்போது மூன்று தகரப் பெட்டிகளில் வரிசை எண்படி நிற்கின்றன. பெயர்ப் பதிவேடு வேறு அறையில், வேறு பூட்டில். பெட்டிகளின் சாவி என்னிடம், பதிவேட்டின் சாவி டாக்டர் டானிடம். இந்த அட்டை இந்த வீட்டுடையது என்று யாரும் தனியாகக் கண்டுபிடித்துவிட முடியாது.

அட்டையின் ஓரத் துளைகளில் கம்பியைச் செருகித் தூக்கவும் கற்றுக்கொண்டேன். குழாய் இல்லாத வீடுகளின் அட்டையில் அதற்குரிய துளை ஓரம் வரை வெட்டித் திறந்திருக்கும். அவை எவை என்றால் அந்தத் துளையில் கம்பி. மற்றவை கம்பியில் தொங்க, கேட்டவை மட்டும் பொலபொலவென்று மேசையில் விழும். எத்தனை முறை செய்தாலும் அலுக்கவில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது அட்டை வீதம் டைப் அடிக்கிறேன். முதல் பார்சல் அடுத்த வாரக் கப்பலில் வரும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கை
சிவகாமசுந்தரி


மான்செஸ்டர்
2 பிப்ரவரி 1962

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை ரயிலில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் நல்ல செய்தியா என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இங்கே பனி முழங்கால் வரை. உடம்புக்கு ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்கும் இருட்டாக இருப்பதுதான் பழகவில்லை.

நீ அந்த அட்டைகளுக்குச் செய்திருப்பதை என் பேராசிரியரிடம் சொன்னேன். இங்கேயே பல துறைகளில் இப்படி இல்லை என்றார். ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை காய்ச்சல் வருகிறது, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதே என் ஆராய்ச்சி. நீ அனுப்பும் எண்கள்தான் அதற்கு அடித்தளம்.

ஒரு சின்ன விஷயம். மூன்றாவது பெட்டியில் 1,080இலிருந்து 1,110 வரை உள்ள அட்டைகளை அடிக்க வேண்டாம். அவை இல்லாமலே எனக்குப் போதும். உனக்கும் விரல் வலி மிச்சம்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். தேக்கா மார்க்கெட்டில் வாங்கி அவள் வைக்கும் விரால் மீன் குழம்பு நேற்றுக் கனவில் வந்தது என்றும் சொல்.

அண்ணன்
வேலாயுதம்


சிங்கப்பூர்
11 மார்ச் 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். ஆனால் இது நல்ல செய்திக் கடிதம் அல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், லாவெண்டர் ஸ்திரீட்டுக்கு அப்பால் நீங்கள் கணக்கெடுத்த கம்பத்துக் குடிசைகள் எரிந்துவிட்டன. ஒரு வீட்டு அடுப்பில் பிடித்ததாம். அத்தாப்பு ஓலைக் கூரைகள் ஒன்றுக்கொன்று தீயைக் கைமாற்றிவிட்டன. எங்கள் மாடியிலிருந்தே புகை தெரிந்தது. யாரும் சாகவில்லை. இருநூறு குடும்பங்களுக்கு மேல் கட்டிய துணியோடு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள்.

அரசாங்கம் புதிய அடுக்குமாடி வீடுகள் தருகிறது. குடும்பத்தில் எத்தனை பேரோ அதற்குத் தக்க அறை. ஆனால் எல்லாருடைய பத்திரங்களும் சாம்பல். வீடு ஒதுக்கும் ஆபீஸ்காரர்கள், வெளியாட்கள் நுழைந்துவிடாமல் இருக்க எழுத்தில் ஏதாவது ஆதாரம் கேட்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு மனிதர் இரண்டு பஸ் மாறி புக்கிட் தீமாவில் இருக்கும் எங்கள் துறைக்கே வந்துவிட்டார். "மூணு வருஷத்துக்கு முந்தி நீங்கதானே வந்து எங்களை எல்லாம் எழுதிக்கிட்டுப் போனீங்க, அதைக் குடுங்க" என்றார்.

டாக்டர் டான் அன்று முழுவதும் யோசித்தார். இதை வேறு யாருக்கும், அரசாங்கத்துக்குக்கூடக் காட்டமாட்டோம் என்று ஒவ்வொரு அட்டையின் தலையிலும் அச்சடித்திருக்கிறதே. பெட்டியைத் தூக்கி ஆபீஸில் கொடுத்தால் அந்த வாக்கு போய்விடும். கொடுக்காவிட்டால் இந்த மனிதர் எங்கே போவார்? நான் மெதுவாகச் சொன்னேன், ஆபீஸுக்கு வேண்டாம், அந்தந்தக் குடும்பமே வந்து கைநாட்டு வைத்துக் கேட்டால் அவர்களுடைய அட்டையின் நகலை அவர்கள் கையில் மட்டும் கொடுப்போம், பிறகு யாரிடம் காட்டுவது என்பது அவர்கள் விருப்பம் என்று. அவர் பதிவேட்டின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நீங்கள் வேண்டாம் என்ற முப்பத்தொரு அட்டைகளையும் அடித்து அனுப்பிவிட்டேன், கோபிக்காதீர்கள். அவை ஒரு முழுச் சந்து, விட்டுப்போனால் ஏன் என்று கேட்பார்கள் இல்லையா?

சிவகாமி


மான்செஸ்டர்
22 மார்ச் 1962

அன்புள்ள சிவகாமி,

சுகம். நெருப்புச் செய்தி மனதை உலுக்கிவிட்டது. அந்தக் கம்பத்தில் பல வீடுகளில் எனக்குத் தேநீர் கொடுத்திருக்கிறார்கள்.

எரிந்தது எந்தப் பக்கம்? ரோட்டை ஒட்டியா, பின்னால் கால்வாய்ப் பக்கமா? கால்வாய்ச் சந்திலிருந்தும் நகல் கேட்டு வருகிறார்களா? எனக்கு உடனே எழுது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

வேலாயுதம்


சிங்கப்பூர்
15 ஏப்ரல் 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சுகம். புத்தாண்டுக்குப் பாயசம் வைத்து உங்கள் தட்டிலும் ஊற்றி வைத்தாள்.

எரிந்தது இரண்டு பக்கமும்தான்.

இதுவரை அறுபத்து நான்கு குடும்பங்களுக்கு நகல் கொடுத்துவிட்டோம். அட்டையைக் கொண்டுபோனவர்களுக்கு வீடு கிடைக்கிறது. ஒரு சீன அம்மாள் எனக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். அவர் மகளுக்கு அப்போது இரண்டு வயது என்று நீங்கள் எழுதியிருந்தது அவருக்கே மறந்துவிட்டதாம், அதைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். ஆராய்ச்சிக்காக எழுதிய தாள் இப்படியும் உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு முத்தாயி வந்தாள். கால்வாய்ச் சந்தில் இருந்தவள். புருஷன் அழகப்பன், கார்ப்பரேஷனில் கால்வாய் சுத்தம் செய்பவர். பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது, அட்டை எண் 1,093. நகல் எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். ஐந்து பேர். மூத்தவளுக்குப் பதினோரு வயது. அழகப்பனின் தம்பியும் அவர்களோடுதான். ஆக மொத்தம் எட்டுப் பேர். நம் அட்டையில் இருப்பது இரண்டு பேர். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை இல்லை.

ஆபீஸில் அதிகாரி அட்டையைப் பார்த்துவிட்டு, மூன்று வருஷத்தில் பதினோரு வயதுப் பிள்ளை எப்படி வந்தது, யார் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். ஓர் அறை வீடு எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் அக்கரையில், ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவை, அங்கிருந்து பத்திரம் வர எத்தனை மாதமோ. மற்ற எதையும்விடப் பல்கலைக்கழக முத்திரை உள்ள அட்டையைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

அவள் என்னிடம் கோபப்படவில்லை. "எங்க வீட்டுக்கு யாருமே வரலையே தங்கச்சி. வந்திருந்தா ஒரு வாய் தண்ணியாவது குடுத்திருப்பேனே, எனக்கு ஞாபகம் இருக்குமே" என்றாள்.

அதே சந்திலிருந்து இன்னும் ஒன்பது குடும்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

வேலைப் பட்டியலில் அந்தச் சந்து இப்ராஹீம் பெயரில் இருக்கிறது. அட்டைகளிலும் அவருடைய முதலெழுத்து. டாக்டர் டான் கூப்பிட்டுக் கேட்டார். அந்த வாரம் தனக்கு அம்மை போட்டிருந்தது என்றார். அப்படியானால் யார் போனார்கள் என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை.

அந்த மாதங்களில் நீங்கள்தானே அவரோடு போனீர்கள். யார் போனது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

சிவகாமி


மான்செஸ்டர்
1 மே 1962

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். மரங்களில் ஒரே வாரத்தில் இலை வந்துவிட்டது, நம்பவே முடியவில்லை. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன், சாம்பல் நிறம். சிங்கப்பூரில் எதற்கு என்று திட்டுவாள், இருமல் வரும்போது போர்த்திக்கொள்ளட்டும்.

இரண்டாம் அத்தியாயம் முடிந்தது. பேராசிரியர் திருப்தியாக இருக்கிறார். ஜூலையில் ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்.

வேலை அதிகம், சுருக்கமாக முடிக்கிறேன்.

வேலாயுதம்


சிங்கப்பூர்
13 மே 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

சால்வை வந்தது. அம்மா திட்டினாள், பிறகு பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். இரண்டு நாள்தான் அப்படி நினைக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பெட்டியைத் திறந்து அந்த முப்பத்தொரு அட்டைகளைத் தனியே எடுத்தேன். காய்ச்சல் துளையில் கம்பியைச் செருகித் தூக்கினேன். ஒன்றும் விழவில்லை. வயிற்றுப்போக்கு. ஒன்றும் விழவில்லை. அக்டோபர் மழையில், கால்வாய் ஓரத்தில், முப்பத்தொரு வீட்டில் ஒரு பிள்ளைகூட இருமவில்லை. பெரியவர்களின் வயதைப் பார்த்தேன். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து. முப்பத்தேழு என்று ஒருவரும் இல்லை.

டைப் அடித்தபோது எண்களைத்தான் பார்த்தேன், கையெழுத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். இப்ராஹீம் ஏழு எழுதினால் வெறும் ஏழு. இவற்றின் அட்டை எண்களில் ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு இருக்கிறது, உங்கள் கடிதங்களில் இருப்பதைப் போல.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்ராஹீமை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவரை நேற்று தேக்காவில் பார்த்தேன். அவர் மாமா நெய்னா முகம்மதுவின் சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். யாரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "எனக்கு அம்மை போட்டப்ப என் சம்பளம் போகாம ஒருத்தர் பாத்துக்கிட்டாரு. அவரை நான் காட்டிக்குடுக்க மாட்டேன், தங்கச்சி. அவரே சொல்லட்டும்" என்றார். அவர் மனைவி ரபியா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

சிவகாமி


சிங்கப்பூர்
17 ஜூன் 1962

அண்ணனுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மா மாடிப்படியில் போய் நிற்கிறாள். பரீட்சையாக இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் இதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தை மாத முடிவில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், கால்வாய்ச் சந்துக்காரர்கள் மட்டும் மிச்சம். முத்தாயி அந்த ஓர் அறை வீட்டுக்குக் கையெழுத்துப் போடாமல் இருக்கிறாள். போட்டால் அதுவே நிலைத்துவிடும் என்ற பயம். போடாவிட்டால் அதுவும் போய்விடும். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி, நான் அதை இப்போதுதான் கவனித்தேன்.

27ஆம் தேதி புதன்கிழமை டாக்டர் டானிடம் போய் எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் எனக்கு எப்போதும் அண்ணன்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவகாமி


மான்செஸ்டர்
18 ஜூன் 1962

சிவகாமி,

உன்னுடைய மே மாதக் கடிதம் வந்த நாளிலிருந்து பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று கிழிக்கப் போவதில்லை. இதோடு மூன்று கடிதங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று டாக்டர் டானுக்கு, ஒன்று வீடு ஒதுக்கும் ஆபீஸுக்கு, ஒன்று இப்ராஹீமுக்கு. மூன்றையும் நீயே கொண்டுபோய்க் கொடு.

நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபர் கடைசியில் இப்ராஹீமுக்கு அம்மை போட்டது. வேலை செய்த நாளுக்குத்தான் சம்பளம். உனக்குரிய சந்தின் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன், உன் பெயரிலேயே எழுதிவிடுகிறேன், யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன். அதுவரை அது நல்ல காரியம்தான்.

அந்த வாரம் மழை விடவில்லை. கால்வாய் பொங்கிச் சந்தில் முழங்கால் தண்ணீர். வியாழக்கிழமை ஸ்காலர்ஷிப் நேர்முகத் தேர்வு, அதற்குள் எல்லா அட்டைகளும் முடிந்திருந்தால் என் பெயர் எடுபடும். முனையில் இருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கடைக்காரர் பெயர்களைச் சொன்னார். மற்றதை எல்லாம் நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு பகல். முப்பத்தொரு குடும்பம். எழுதுவதற்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் குறைத்தேன். அந்தக் கணத்தில் அப்படித்தான் நினைத்தேன் சிவகாமி, சுலபம் என்று.

பிறகு போய்ச் சரிசெய்துவிடலாம் என்று இருந்தேன். ஸ்காலர்ஷிப் கிடைத்தது. போகவில்லை. என் ஆராய்ச்சியில் அவற்றைச் சேர்க்காமல் விட்டால் போதும் என்று நினைத்துத்தான் உன்னை அடிக்க வேண்டாம் என்றேன். நீ அடித்து அனுப்பினாய். அந்தக் கட்டு வந்த அன்று அதைப் பிரிக்காமல் அலமாரியின் மேல் வைத்தேன். தினமும் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வரி பொய் எழுதினால் ஒரு கணக்கு கெடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பெண்ணை வரிசையில் நிற்கவைத்து, இவை உன் பிள்ளைகள் இல்லை என்பதைக் கேட்க வைக்கும் என்று நினைக்கவில்லை.

இன்று காலை என் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். உன் துறையிலிருந்து பதில் வரட்டும், அதுவரை ஜூலைக் கூட்டத்தில் நீ பேச வேண்டாம் என்றார். திரும்பி வர நேர்ந்தால் வருகிறேன். அம்மாவுக்கு மட்டும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வேலாயுதம்


சிங்கப்பூர்
8 ஜூலை 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் 25ஆம் தேதி வந்தது. என்னுடையதும் உங்களுடையதும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்திருக்கின்றன. என் கெடு உங்களை எட்டும் முன்பே நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பயந்து ஓடி வந்தாள்.

டாக்டர் டான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அன்று பிற்பகலே என்னையும் உங்கள் கடிதத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு வீடு ஒதுக்கும் ஆபீஸுக்குப் போனார். இந்த முப்பத்தொரு அட்டைகளும் எங்கள் தவறு, இவற்றை வைத்து யாரையும் தீர்மானிக்காதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர்கள் பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பித் தலை எண்ணினார்கள். முத்தாயி குடும்பத்துக்கு மூன்று அறை வீடு எழுதியாயிற்று. மற்றவர்களுக்கும் அவரவர் கணக்குப்படி.

இப்ராஹீம் போன திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டார். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், என் முன்னால் பிரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த அட்டைகளைக் கிழித்துப் போடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார் டாக்டர் டான். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, ஏன் செல்லாது என்று ஒரு தாள் எழுதிச் சேர்த்து அதே பெட்டியில் அதே இடத்தில் வைத்திருக்கிறேன். நம் அட்டவணைகளை வாங்கிப்போன கோலாலம்பூர் ஆய்வாளருக்கும் சென்னையில் ஒருவருக்கும், இந்த எண்களை நீக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள் என்று கடிதம் போய்விட்டது. சென்னைக்காரர் நன்றி என்று பதில் போட்டிருக்கிறார். அவருடைய கூட்டலில் ஏதோ இடித்துக்கொண்டே இருந்ததாம், தன் பிழை என்று நினைத்திருந்தாராம்.

அந்த முப்பத்தொரு குடும்பங்களையும் புதிய வீடுகளில் போய்ப் பார்த்துப் புதிதாகக் கேட்டு எழுத வேண்டும். இப்ராஹீமும் நானும் போகிறோம். நான் இதுவரை அட்டைகளைத்தான் பார்த்திருக்கிறேன், வீடுகளுக்குப் போனதில்லை.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

சிவகாமி


மான்செஸ்டர்
16 செப்டம்பர் 1962

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன், இம்முறை உண்மையாகவே. தூக்கம் வருகிறது.

டாக்டர் டான் என் பேராசிரியருக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தார். எதையும் பூசி மெழுகவில்லை. கடைசி வரியில், இவன் சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள், சரிசெய்ததை அச்சில் பார்க்க விரும்புகிறேன் என்று இருந்தது. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஸ்காலர்ஷிப் நின்றுவிட்டது. மாலையில் ஒரு பிஸ்கட் கிடங்கில் வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சி நூலின் பின்னிணைப்பில் அந்த இரண்டு பகலைப் பற்றி என் பெயர் போட்டு எழுத வேண்டும். ஆறு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் மழை கொஞ்சம் குறைகிறது. அதைச் சாக்காகச் சொல்லத் தோன்றவில்லை இப்போது.

இப்ராஹீமிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. மூன்று வரி. ரபியாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, எனக்கு ஆறிவிட்டது, வந்தால் கடைக்கு வாருங்கள் என்று.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீதான் படித்துக் காட்ட வேண்டும். ஒரு சொல்லையும் விடாதே.

முத்தாயிக்குக் குழந்தை பிறந்ததா? பிள்ளைகளின் பெயர் என்ன? இதெல்லாம் ஆராய்ச்சிக்கு வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டும்.

வேலாயுதம்


சிங்கப்பூர்
25 நவம்பர் 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளி முடிந்து மழை தொடங்கிவிட்டது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம்.

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை ஒரு சொல் விடாமல் படித்தேன். மூன்றாம் நாள் அவள் தேக்காவில் ஒரு கூடை பழம் வாங்கிக்கொண்டு தனியாகவே இப்ராஹீம் வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது ரபியா பஸ் ஸ்டாப் வரை வந்து விட்டுவிட்டுப் போனாராம்.

இப்ராஹீமும் நானும் சனிக்கிழமை தோறும் போய் முப்பது குடும்பங்களை எழுதி முடித்துவிட்டோம். முதல் வீட்டில் இப்ராஹீமின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். இப்போது நானே கதவைத் தட்டுகிறேன். கிழவர் ஒருவர் வயதைக் கேட்டதற்கு ஐம்பது என்றார், சரியாகச் சொல்லுங்கள் என்றேன், யோசித்து ஐம்பத்து மூன்று என்றார். அதை எழுதியபோது என்ன சந்தோஷம் தெரியுமா. இருமுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கம்பியைச் செருகித் தூக்கினால் அட்டைகள் விழுகின்றன.

முத்தாயி வீட்டைக் கடைசியில் வைத்திருந்தேன். போன சனிக்கிழமை போனேன். ஏழாவது மாடி. தாழ்வாரத்தில் துணி காய்கிறது, உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசம். செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இப்போது ஒன்பது பேர். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், பிறகு தேநீர், பிறகு முறுக்கு.

அட்டையை எடுத்து வைத்தபோது, முதலில் யார் அதை எழுதினார் என்று கேட்டாள். ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது என் அண்ணன் என்றேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க இருக்காரு?"

"இங்கிலாந்துல. படிப்பு முடிஞ்சு அடுத்த வருஷம் வருவாரு."

"அப்ப அந்த அட்டையை எடுத்து வை. உங்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், தங்கச்சி. அவரு வரட்டும். அவரு வந்து கேக்கட்டும், நான் சொல்றேன்."

கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அன்னைக்கே வந்திருக்க வேண்டிய வீடு. வந்துட்டுப் போகட்டும், லா" என்று சொல்லிவிட்டு மீதி முறுக்கை ஒரு தாளில் மடித்து என் பையில் வைத்தாள்.

பிள்ளைகளின் பெயர்களை நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் உங்களுக்கு எழுதப் போவதில்லை.

திங்கட்கிழமை டாக்டர் டானிடம் சொன்னேன். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனாலும் இருக்கட்டும் என்றார். முப்பது அட்டைகளைப் பெட்டியில் வரிசைப்படி வைத்தேன். 1,093க்கு ஒரு புது அட்டையை எடுத்து, எண்ணை மட்டும் போட்டு, வேறெதுவும் எழுதாமல் அதன் இடத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன்.

தங்கை
சிவகாமசுந்தரி